மாப்பிள்ளைக்கு மொண்டு கொடுத்த தண்ணீர்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம் பிடித்ததே, அந்த வருஷம் நடந்தது இது. எந்த வருஷம் என்று கேட்டால் எனக்கு எண் சொல்லத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் பக்கம் போனவன் இல்லை. ஆனால் அந்தக் கிரகணத்தைச் சொன்னால் என் வயசுக்காரர்கள் எல்லோருக்கும் நினைவு வந்துவிடும். வடக்கே முழுசாக இருட்டிப் போனதாம். கோயம்புத்தூரில் அப்படி ஒன்றும் இருட்டவில்லை. கொஞ்சம் கடித்து வைத்த தோசை மாதிரி சூரியன் நின்றது. வெயில் மட்டும் சீக்காளி முகம் போல வெளுத்துப் போனது.

நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். இந்தக் கதையில் அவளும் வருகிறாள். அதனால் சில இடங்களில் பேனாவை வைத்துவிட்டு என்னை முறைக்கிறாள். நான் விடுவதாக இல்லை.

அப்போது நாங்கள் கணபதியில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். வரிசையாக ஆறு வீடுகள், நடுவில் ஒரு கிணறு, கோடியில் இரண்டு கக்கூஸ். நான் பக்கத்திலேயே ஒரு வார்ப்படப் பட்டறையில் மோல்டிங் வேலை பார்த்தேன். மோட்டார் பம்புக்கு மண்ணில் அச்சு எடுத்து, உருக்கிய இரும்பை ஊற்றுகிற வேலை. மண்ணுக்குத் தண்ணீர் பதம் ரொம்ப முக்கியம். ஒரு கை மண்ணை அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறந்தால், விரல் பதிந்த தடம் அப்படியே நிற்க வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் போதாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு டின் இருந்தது. பேக்கரிக் கடைகளில் பிஸ்கட் வருமே, அந்தச் சதுர டின். கிரகணத்துக்கு முந்தின வருஷம் வடக்கே பிளேக் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் ஒரே பயம். நம்ம ஊரில் அந்தக் காலத்தில் பிளேக்கில் நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். அதற்கென்றே மாரியம்மன் கோயில் கட்டிக் கும்பிடுகிற ஊர் இது. அதனால் மற்ற ஊர்களை விட நமக்குப் பயம் ஒரு பங்கு கூடுதல்தான். பட்டறையில் பாதிப் பேர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் புகையிலும் கரியிலும் அத்தனை வருஷமாகக் கட்டாதவர்கள், பிளேக்குக்குக் கட்டினார்கள்.

அந்தப் பயத்தில்தான் என் வீட்டுக்காரி அந்த டின்னைச் சேர்த்தாள். மெழுகுவத்தி, தீப்பெட்டி, டார்ச் லைட், துவைத்து மடித்த பழைய வேட்டித் துணி, காய்ச்சல் மாத்திரை, புண்ணுக்குப் போடுகிற மருந்து எல்லாம் அதில் இருந்தன. ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி அடியில் வைத்தாள். எலுமிச்சம்பழம் ஒன்று எப்போதும் இருக்கும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மாற்றுவாள். அது மருந்துக்கா சாமிக்கா என்று கேட்டேன். ரெண்டுக்கும் என்றாள்.

அவளுக்கும் எழுத்து தெரியாது. அதனால் எது எதற்கு என்று நூல் கட்டி வைத்திருந்தாள். சிவப்பு நூல் காய்ச்சலுக்கு. கறுப்பு நூல் அடிபட்டால். மஞ்சள் நூல் வயிற்றுக்கு. மகள் படித்தவள், காகிதத்தில் எழுதி ஒட்டித் தருகிறேன் என்றாள். அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டால் யார் வந்து படித்துக் காட்டுவார்கள் என்று என் வீட்டுக்காரி கேட்டாள். அதுவும் நியாயம்தான். அடுத்த வைகாசியிலேயே மகளை அன்னூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டோம்.

மாப்பிள்ளைக்கு அங்கே தோட்டம். வாழை போட்டிருந்தார். நல்ல உழைப்பாளி. ஆனால் வாயைத் திறந்து பேச மாட்டார். இலையில் உப்பில்லாத குழம்பை ஊற்றினாலும் நல்லா இருக்குதுங்க என்று சொல்லிச் சாப்பிடுகிற ஆள். கல்யாணத்தன்று மாலையில் இருந்த கம்பி கழுத்தைக் குத்திக் கிழித்திருக்கிறது. சாயங்காலம் மாலையைக் கழற்றிய பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அப்படிப்பட்டவர்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் வாந்திபேதி என்று பேச்சு வந்தது. சுகாதார நர்ஸம்மா ஒருவர் வீடு வீடாக வந்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கச் சொன்னார். ஆளுக்கு இரண்டு பாக்கெட் உப்புச் சர்க்கரைப் பொடி கொடுத்தார். பேதியானால் கண் உள்ளே போகும், தோலைக் கிள்ளினால் கிள்ளின இடம் அப்படியே நிற்கும், அப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், போகிற வழியெல்லாம் இந்தத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும் என்று சொன்னார். என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பொடி ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்றதும், லிட்டர் பாட்டில் ஒன்றைத் தேடிக் கழுவி அதையும் டின்னில் வைத்தாள். பாக்கெட்டுக்கு மஞ்சள் நூல்.

அன்றையிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு பெரிய குண்டாவில் தண்ணீர் கொதிக்கும். ராத்திரி ஆறி, காலையில் மண்பானைக்குப் போகும். எதிர்வீட்டுப் பாய் ஸ்டவ் ரிப்பேர் செய்கிறவர். எங்கள் ஸ்டவ்வைப் பிரித்துச் சுத்தம் செய்து, திரி மாற்றி, சும்மாவே கொடுத்துவிட்டார். அவர் வீட்டிலும் கொதிக்க வைத்தார்கள். மற்ற வீடுகளில் சிரித்தார்கள். அந்தக் கிணறு கோடையிலும் வற்றாது, தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும், அதைப் போய்க் கொதிக்க வைப்பதா என்று. எனக்கே கொஞ்சம் அப்படித்தான். கொதித்த தண்ணீர் சப்பென்று இருக்கும். ஆனால் அவளிடம் சொல்ல முடியுமா.

தலைத் தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். என் வீட்டுக்காரி மாப்பிள்ளை முன்னால் நின்று பேசுகிறவள் இல்லை. கதவோரம் நின்று, இன்னும் ரெண்டு வைக்கச் சொல்லுங்க என்று என்னிடம்தான் சொல்லுவாள். அவர் போதுமுங்க என்று என்னிடம் சொல்லுவார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் போஸ்ட்மேன் மாதிரி. தீபாவளி நல்லபடியாக முடிந்தது. வந்த இரண்டு நாளும் அவருக்குப் பானையில் இருந்த கொதித்து ஆறிய தண்ணீர்தான் போனது. பானைத் தண்ணீர் குளிர்ச்சியாகவே இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் கிரகணம். விடிவதற்குள் எல்லோரும் ஒரு வாய் காப்பி குடித்ததோடு சரி. கிரகணம் விட்டுக் குளித்த பிறகுதான் சாப்பாடு. காம்பவுண்டில் ஒரு வீட்டில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார்கள். பிடிக்காமலே நின்றது. கிரகணம் விட்டால் விழும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கிரகணம் விட்டுக் கால் மணி ஆகியும் விழவில்லை. கடைசியில் ஒரு கோழி வந்து தள்ளிவிட்டது. பாய் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கிரகணம் விட்டதும் வீட்டைக் கழுவி, பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுப்பது வழக்கம். என் வீட்டுக்காரியும் மகளும் குளிக்கப் போன நேரத்தில் நான் அந்த வேலையைச் செய்தேன். உதவி செய்கிற எண்ணம்தான். குடம், அண்டா, தொட்டி, எல்லாவற்றையும் கவிழ்த்தேன். அந்த வேகத்தில் மண்பானையையும் தூக்கிக் கவிழ்த்துவிட்டேன்.

அவள் குளித்துவிட்டு வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, பானைக்குள்ள அருகம்புல்லுப் போட்டு வெச்சிருந்தேனே, பாக்கலீங்களா?"

புல் போட்டு வைத்தால் அந்தத் தண்ணீருக்குக் கிரகண தோஷம் இல்லை, கொட்ட வேண்டியதில்லை. அதற்காகவே அதிகாலையில் எழுந்து பறித்துப் போட்டிருக்கிறாள். நான் பார்க்கவில்லை. வாசலில் ஓடிய தண்ணீரில் அந்தப் புல் போய்க்கொண்டிருந்தது. குண்டாவில் தண்ணீர் ஊற்றி ஸ்டவ்வைப் பற்றவைத்தாள்.

அப்போது மாப்பிள்ளை குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கொஞ்சம் தண்ணி குடுங்க மாமா என்றார். நாலு மாதத்தில் அவர் என்னிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். குண்டாவில் தண்ணீர் ஆவி பறக்க ஆரம்பித்திருந்தது. வீட்டுக்கு விருந்தாக வந்த ஒறம்பரைக்கு, அதுவும் தலைத் தீபாவளி மாப்பிள்ளைக்குச் சுடுதண்ணீரை நீட்டுவதா? நம்ம பக்கத்தில் யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர். வந்தவர் பகையாளியாக இருந்தாலும் அது உண்டு. அந்தச் சொம்பு வெளியில் முத்து முத்தாக வேர்த்திருக்க வேண்டும். இருங்க மாப்ள, கொதிச்சு ஆறட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எங்கள் வீட்டில் நோய்க்குப் பயந்துகொண்டு இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிவதும் கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

கிணற்றுக்குப் போய் நானே ஒரு வாளி இறைத்தேன். பித்தளைச் சொம்பைப் பளிச்சென்று கழுவி, மொண்டு, இரண்டு கையாலும் கொடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். ஜில்லுனு இருக்குதுங்க மாமா என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு சொம்பு கொடுத்தேன். அதையும் மரியாதைக்காகக் குடித்தாரோ என்னவோ.

என் வீட்டுக்காரி அடுப்படியில் இருந்ததால் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் இட்லியும் கறிக்குழம்பும். மாப்பிள்ளை இரண்டோடு நிறுத்தினார். கதவோரத்திலிருந்து, இன்னும் மூணு வைக்கச் சொல்லுங்க என்று வந்தது. நான் வைத்தேன். அவர் சாப்பிட்டார். முறுக்கு வந்தது, அதிரசம் வந்தது, அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கிணற்றடிக்குக் கை கழுவப் போனவன், பாயிடம் பேச்சுக் கொடுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பட்டறைக்கு இன்னும் இரண்டு நாள் லீவு. மாப்பிள்ளை வாளியோடு கோடிப் பக்கம் போனார். வந்தார். மறுபடியும் போனார். என்னைத் தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். எண்ணெய்ப் பலகாரம், தீபாவளிக்கு யாருக்குத்தான் வயிறு கடமுடா பண்ணாது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணி இருக்கும். பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"வாழைக்குத் தண்ணி கட்டோணுமுங்க மாமா. அப்படியே போயிட்டு வாரேனுங்க."

இன்னும் இரண்டு நாள் இருந்து போவதாகத்தான் பேச்சு. எனக்கு மனசு சுருக்கென்றது. நாம் என்ன குறை வைத்தோம் என்று யோசித்தேன். என் வீட்டுக்காரி உள்ளே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மகள் துணியை மடித்து வைத்தாள். ஒருவருக்கும் ஒன்று தோன்றவில்லை. கிரகணத்தன்று காலையில் மட்டும் வெயில், மற்றபடி நாலு நாளாக மழை கொட்டிக்கொண்டு இருக்கிறது, அன்னூரிலும்தான் மழை, யார் வாழைக்குத் தண்ணீர் கட்டுவார்கள்? ஒரு தோட்டக்காரன் சொல்லக்கூடிய பொய்யா அது? அவருக்கே பொய் சொல்லிப் பழக்கமில்லை, பாவம்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவரோடும் மகளோடும் கூடவே போனேன். தூறல். அவர் மெதுவாக நடந்தார். நிறுத்தத்துக்குப் போனதும் அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் நின்றால் உட்காராத மனுஷன். நான் நிற்கும்போது அவர் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். பையை இப்படிக் கொடுங்க என்று அவர் கையிலிருந்து வாங்கினேன். விரல் பட்டது. ஜில்லென்று இருந்தது. விரல் நுனியெல்லாம் வெகுநேரம் தண்ணீரில் ஊறியது போலச் சுருங்கியிருந்தது.

நர்ஸம்மா சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மணிக்கட்டுப் பக்கம் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தேன். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. பட்டறையில் பதமான மண்ணில் விரல் தடம் நின்றால் எனக்குச் சந்தோஷம். இது மனுஷன் தோல்.

மகளைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"என்ன கண்ணு, சொல்லு" என்றேன்.

"அவிய சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டாங்கப்பா. காலையில இருந்து ஆறு தடவைங்க. ரெண்டு தடவை வாந்தியும் எடுத்துட்டாங்க."

(இந்த ஆறு தடவையைத்தான் எழுத வேண்டாம் என்கிறாள். எழுது கண்ணு. அதுதான் முக்கியம்.)

"ஒன்னுமில்லீங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. "அன்னூர் போனாச் சரியாப் போயிருமுங்க."

மாமனார் வீட்டில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பது அவருக்கு வெட்கம். மாமியார் செய்த பலகாரம் சேரவில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். அதற்காக அந்த நிலையில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகத் துணிந்துவிட்டார். அன்னூர் பஸ்ஸும் வந்தது. கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்றார். மாப்பிள்ளை கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

நான் அவர் தோளைப் பிடித்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தையைக் கூட 'ங்க' போடாமல் பேசினதில்லை.

"வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி என் தோளில் சாய்ந்துவிட்டார். பஸ் போய்விட்டது.

ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மகள், எப்படியோ வீடு வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரி வாசலில் எங்களைப் பார்த்தாள். உடனே உள்ளே போனாள். டின்னை இறக்கினாள். மஞ்சள் நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். முந்தின நாள் கொதித்த தண்ணீர் ஆறிப் பானையில் இருந்தது. லிட்டர் பாட்டிலில் ஊற்றி, பொடியைக் கொட்டிக் குலுக்கினாள். மகள் பாக்கெட்டில் இருந்ததைப் படித்துச் சொன்னாள், ஆனால் அவள் அதற்கு முன்பே சரியாகச் செய்துவிட்டாள்.

மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்காதவள், அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். மூன்றாவது கரண்டியில் வாந்தி வந்தது. அவள் சேலையிலேயே வந்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"படுங்க சாமி. சேலை தொவைச்சாப் போயிரும்" என்றாள். அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் கொடுத்தாள். இந்தத் தடவை நின்றது. பிளேக் பயத்தில் வாங்கி வைத்த மாத்திரை ஒன்று டின்னில் கிடந்தது, அதைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். தெரியாததை உள்ளே போட வேண்டாம் என்று டின்னை மூடிவிட்டாள். பிற்பாடு டாக்டரும் அதையேதான் சொன்னார்.

பாய் அதற்குள் தெரு முனைக்கு ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்துவிட்டார். மாப்பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்ததும், அவரும் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார்.

"ஏன் மாப்ள, தலைத் தீபாவளிக்கு மோதிரம் கேப்பாங்க, வண்டி கேப்பாங்க. நீங்க குளுக்கோஸ் பாட்டில் கேக்கறீங்களே" என்றார் பாய்.

மாப்பிள்ளை அந்த நிலையிலும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. வழி நெடுக மகள் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ குலுங்கக் குலுங்க, ஒவ்வொரு வாயாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்து ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். சின்ன வயசு டாக்டரம்மா. மகள் கையில் இருந்த பாட்டிலை வாங்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. இதைக் கொடுத்துக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றார். என் வீட்டுக்காரி அங்கே இல்லை, இருந்து கேட்டிருக்க வேண்டும்.

பிறகு டாக்டரம்மா மாப்பிள்ளையிடம் குனிந்து, இந்த மூன்று நாலு நாளில் வெளியில் எங்கேயாவது தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம்தான். எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரியும் என்று. எங்கள் வீட்டில் கொதித்த தண்ணீர் குடிக்கிற விஷயத்தை மகள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொம்புத் தண்ணீர் கிணற்றிலிருந்து வந்ததையும் அவர் கண்ணாலேயே பார்த்தவர். தெரிந்தேதான் வாங்கிக் குடித்திருக்கிறார். மாமனார் இரண்டு கையாலும் நீட்டுகிறாரே, எப்படி வேண்டாம் என்பது என்று.

"வாரப்ப பஸ் ஸ்டேண்டுல குடிச்சேனுங்க" என்றார்.

எனக்குத் தப்பித்துக்கொள்ள வழி கிடைத்துவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றிருக்கலாம். சம்பந்தி வீட்டுக்கும் அதே பதில் போதும். என் வீட்டுக்காரிக்கும் தெரியப் போவதில்லை. டாக்டரம்மா காகிதத்தில் எழுதப் போனார். அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் காம்பவுண்டு நினைவுக்கு வந்தது. ஆறு வீட்டில் நாலு வீடு அந்தக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கிறது. ஒரு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் என்று எழுதிவிட்டால் எங்கள் கிணற்றை யார் வந்து பார்ப்பார்கள்?

"இல்லீங்கம்மா" என்றேன். "அவரு பொய் சொல்றாருங்க. நாந்தானுங்க கெணத்துத் தண்ணியை மோந்து குடுத்தேன். சுடுதண்ணி குடுக்க வெக்கமா இருந்துச்சுங்க."

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எந்தத் தெரு, எத்தனை வீடு என்று கேட்டு எழுதிக்கொண்டார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். ஊசி குத்தாத கையை நகர்த்தி என் விரலைப் பிடித்துக்கொண்டார். பட்டறையில் காய்த்துப் போன கை என்னுடையது. அதில் அவர் விரல் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூட்டை நான் மறக்கவே மாட்டேன்.

மறுநாளே நர்ஸம்மாவும் இன்னும் இரண்டு பேரும் காம்பவுண்டுக்கு வந்தார்கள். கக்கூஸ் குழி மழையில் நிறைந்து கிணற்றுப் பக்கம் கசிகிறது என்று கண்டுபிடித்தார்கள். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். குழியைச் சரி பண்ணுகிற வரைக்கும் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்றார்கள். கைக்குழந்தைக்காரி அப்போதே வந்து என் வீட்டுக்காரியிடம் ஒரு சொம்பு கொதித்த தண்ணீர் வாங்கிக்கொண்டு போனாள். அன்று முதல் காம்பவுண்டில் யாரும் சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரியிடம் நானே சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் சொன்னேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். சண்டை வரும் என்று நின்றேன்.

"நானா இருந்தாலும் அதையேதானுங்க செஞ்சிருப்பேன்" என்றாள். "மாப்ளைக்குச் சுடுதண்ணி குடுக்க எனக்கு மட்டும் மனசு வந்திருக்குமா? அருகம்புல்லுப் போட்ட பானைய நீங்க கவுத்ததுக்குத்தான் கோவம்."

மூன்றாம் நாள் மாப்பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். அவரே அப்படிச் சொன்னார். சம்பந்தியம்மா அன்னூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். வந்தவர் என்ன கேட்பாரோ என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. என் வீட்டுக்காரி அவருக்கு முதலில் டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொடுத்தாள். இப்பத்தான் கொதிச்சதுங்க, ஆறல, அப்படியே குடிங்க என்றாள். சம்பந்தியம்மா குடித்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"இவன் எங்க ஊட்டுலயே சொல்ல மாட்டானுங்க. சின்னதுல காலுல முள்ளு ஏறி, நாலு நாள் நொண்டிக்கிட்டே ஆடு மேச்சவன். உங்க ஊட்டுல சொல்லிருவானா?"

எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு டின்னில் ஒரு பச்சை நூல் சேர்ந்தது. அது ஒரு சொம்பின் கழுத்தில் கட்டுவதற்கு. அந்தச் சொம்பு ஒறம்பரைக்கு என்றே தனி. கொதித்து ஆறிய தண்ணீர் தவிர வேறு எதுவும் அதில் போகாது. வீட்டில் இருப்பவர்கள் அதைத் தொடக் கூடாது. எந்த நேரம் யார் வந்தாலும் அது நிறைந்திருக்கும். வந்தவரைக் காத்திருக்க வைக்கிற வேலையும் இல்லை, வெட்கப்படுகிற வேலையும் இல்லை. நூல் நைந்தால் மாற்றுவாள். எத்தனை நூல் மாறியதோ தெரியாது. சொம்பு அதேதான்.

மாப்பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அன்னூரிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் கொடுப்பார், அத்தை, எனக்குச் சுடுதண்ணி, அதோட இன்னைக்கு வயிறு சரியில்லை, முறுக்கு வேண்டாம் என்று. கதவோரத்தில் நிற்கிற வேலையெல்லாம் எப்போதோ போய்விட்டது. இரண்டு பேரும் நேருக்கு நேராகவே சண்டை போடுவார்கள். நான் 'ங்க' போட்டுப் பேசுவதை மறுபடியும் ஆரம்பித்தேன், ஆனால் முடியவில்லை. இப்போதும் கண்ணு என்றுதான் வாயில் வருகிறது.

இதைப் படிக்கிறவர்கள் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் புதுசாக ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். அந்த மாமனாரிடம் சொல்லுங்கள், மழைக்காலத்தில் மாப்பிள்ளைக்குச் சுடுதண்ணீர் கொடுத்தால் ஒரு மரியாதையும் குறையாது என்று. அந்த மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, வயிற்றுக்கு ஒத்துக்கவில்லை என்றால் முதல் தடவையிலேயே சொல்லிவிடு கண்ணு, ஆறாவது தடவை வரைக்கும் பொறுக்காதே என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் நடந்ததாகவே சொல்லிக்கொள்ளுங்கள்.